கேட்டதும் சொன்னதும்: பழைய பேட்டரி, பழைய டிவி, பழைய ஃபோன்

தீபாவளிக்கு வீட்டைக் கழுவித் துடைத்த கையோடு எல்லோரும் எழுத உட்கார்ந்திருக்கிறீர்கள் போல. இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கட்டிலுக்கு அடியிலும் ஸ்டோர் ரூமிலும் கிடந்த மின்சாமான்களைப் பற்றியவை. மலேசியாவில், நெகிரி செம்பிலானின் பகாவ் டவுனில் எலக்ட்ரிகல் ரிப்பேர் கடை வைத்துப் பிழைக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த இதழ் முழுக்க அதையே பேசிவிடுவோம். வாட்டர் ஹீட்டர் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பச்சைத் தண்ணீரில் குளிக்கவும்.

கேள்வி: ரிமோட், கடிகாரம், டார்ச்லைட்டில் இருந்து எடுத்த பேட்டரிகளை மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். டின் நிறைந்துவிட்டது. வீட்டுக்காரர் குப்பையில் கொட்டு என்கிறார். மகள், அது விஷம், கொட்டாதே என்கிறாள். யார் சொல்வது சரி?
*இல்லத்தரசி, பகாவ்*

முதலில் அந்த டின்னை மாற்றுங்கள் அக்கா. மைலோ டின் தகரம், மின்சாரம் பாயும். செத்துப்போன பேட்டரி என்று நாம் நினைப்பதில் கொஞ்சம் உயிர் இருக்கும், அதிலும் ஸ்மோக் அலாரத்தில் போடும் சதுரமான 9 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் இருப்பதால் தகரத்திலோ இன்னொரு பேட்டரியிலோ உரசினால் சூடேறும், பக்கத்தில் காகிதம் இருந்தால் பற்றவும் செய்யும். பிளாஸ்டிக் டப்பா போதும். சதுர பேட்டரி, வட்டமான பட்டன் பேட்டரி, சார்ஜ் செய்கிற பேட்டரி இவற்றின் முனையில் மட்டும் ஒரு துண்டு செலோடேப் ஒட்டிவிட்டுப் போடுங்கள்.

இப்போது பஞ்சாயத்துக்கு வருவோம். ரிமோட்டில் போடும் சாதாரண பேட்டரியில் இருப்பது பெரும்பாலும் துத்தநாகமும் மாங்கனீசும். முன்பு பாதரசமும் சேர்த்தார்கள், 1990களில் பெரிய கம்பெனிகள் அதை நிறுத்திவிட்டன. அதனால் இந்த வகையைப் பொறுத்தவரை வீட்டுக்காரர் பெரிய பாவம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் டின்னில் அது மட்டுமா இருக்கும்? பழைய வயர்லெஸ் ஃபோனிலும் தோட்டத்துச் சோலார் விளக்கிலும் இருந்து எடுத்தவற்றில் சில நிக்கல் கேட்மியம். கேட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கிற உலோகம், குப்பைமேட்டில் மழைநீரோடு மண்ணில் இறங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. லித்தியம் வகை குப்பை லாரிக்குள் நசுங்கினால் லாரியே பற்றிக்கொள்ளும். ஆகவே சார்ஜ் செய்கிற எதுவும், பட்டன் வடிவில் உள்ள எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. மகளுக்கும் பாதி வெற்றி.

எங்கே கொடுப்பது என்பதுதான் நம் ஊரில் பாடு. பெரிய எலக்ட்ரிகல் கடைகளின் கிளைகள் சிலவற்றிலும் கைப்பேசி நிறுவனங்களின் கிளைகளிலும் பெட்டி வைத்திருப்பார்கள், எல்லாக் கிளையிலும் இருக்காது. சிரம்பான் பக்கம் வேறு வேலையாகப் போகும்போது ஃபோன் போட்டுக் கேட்டுவிட்டு டப்பாவையும் எடுத்துப் போங்கள். இதற்கென்றே பெட்ரோல் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: டார்ச்லைட் பேட்டரியை வெயிலில் காயவைத்தால் மறுபடி எரியும் என்று தாத்தா சொல்வார். உண்மையா?
*படிவம் மூன்று மாணவன், கோலப்பிலா*

கொஞ்ச நேரத்துக்கு எரியும். சூட்டில் உள்ளே இருக்கும் ரசாயனம் சற்று வேகமாக வேலை செய்வதால் கடைசிச் சொட்டையும் கொடுத்துவிட்டுப் போகும், புதிதாகச் சார்ஜ் எதுவும் ஏறுவதில்லை. அதற்குப் பிறகு ஒழுகினால் டார்ச்லைட்டே போச்சு. ஆல்கலைன் பேட்டரி ஒழுகி வெள்ளையாகப் பூத்திருந்தால் அது காரம், கையுறை போட்டுக்கொண்டு பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைக்கலாம். தாத்தாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

கேள்வி: பழைய வயர்களை எரித்துச் செம்பு எடுத்து விற்கிறோம். மேல்தோலோடு கொடுத்தால் பெசி புருக் (பழைய இரும்பு) கடையில் பாதி விலைகூடத் தருவதில்லை. லயத்து வீடுகளுக்குப் பின்னால் செம்பனைக் காட்டு ஓரத்தில்தான் எரிக்கிறோம், யாருக்கும் தொந்தரவு இல்லை. இதில் என்ன தப்பு?
*தோட்டத்து இளைஞர், ரொம்பின்*

தம்பி, உங்களுக்குக் காசு முக்கியம், எனக்கும் அப்படித்தான், அதனால் காசில் இருந்தே தொடங்குகிறேன். செம்பில் தரம் பிரிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கத்தியால் தோலை உரித்து எடுத்த பளபளப்பான கம்பிதான் முதல் தரம். எரித்து எடுத்தது கருத்து, மேலே கரி படிந்து, இரண்டாம் தரத்துக்கு இறங்கிவிடும். வீட்டு வயரிங்கில் இருந்து வரும் தடித்த வயரை உட்கார்ந்து உரித்தால் எரித்ததைவிட நல்ல விலைதான் கிடைக்கும். தலைமுடி போன்ற மெல்லிய வயரை மட்டும் தோலோடு கொடுத்துவிடுங்கள். கிடைக்கிற விலை கிடைக்கட்டும், உரித்து எடுக்க இயந்திரம் வைத்திருப்பவன் அதைப் பார்த்துக்கொள்வான்.

இப்போது புகை. வயரின் தோல் ரப்பர் என்று நாம் சொன்னாலும் அது பெரும்பாலும் பி.வி.சி. சுத்தமான பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரிந்தால் கண் எரிச்சலும் இருமலும் வருவது அதில் இருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடால், அது அப்போதைக்குப் போய்விடும், போகாதது டயாக்சின். திறந்த வெளியில் அரைகுறைச் சூட்டில் பி.வி.சி. எரியும்போது டயாக்சின் உண்டாகிறது, உள்ளே இருக்கும் செம்பே அது உண்டாவதை இன்னும் தூண்டிவிடுகிறது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள், உடம்புக் கொழுப்பில் போய்த் தங்கினால் வெளியே வர வருஷக்கணக்கு ஆகும். பழைய வயரின் தோலில் ஈயமும் கலந்திருப்பார்கள், அது சாம்பலில் தங்கும்.

யாருக்கும் தொந்தரவு இல்லை என்கிறீர்களே, லயத்தில் கோழி வளர்க்கிறீர்களா? ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் தலைநகரம் அக்ரா. அங்கே அக்போக்புளோஷி என்ற இடத்தில் பல வருஷமாக இதே மாதிரி வயர் எரித்தார்கள். அந்தப் பக்கம் மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து 2019இல் முடிவு வெளியிட்டார்கள். அதுவரை உலகில் முட்டைகளில் கண்டவற்றிலேயே மிக அதிகமான அளவுகளில் ஒன்று என்று சொல்லத்தக்க டயாக்சின் அதில் இருந்தது. சாம்பல் விழுந்த மண்ணைக் கோழி கிளறும், புழுவைத் தின்னும், முட்டை உங்கள் வீட்டுப் பிள்ளையின் தட்டுக்கு வரும். காட்டு ஓரத்தில் எரித்தாலும் கோழி அங்கே போகாமல் இருக்கப்போவதில்லை.

இன்னொன்று. அந்த வயர் யாருடையது என்று நான் கேட்கவில்லை, கடைக்காரர் ஒருநாள் கேட்பார். தோல் எரிந்த செம்பைக் கண்டாலே திருட்டுக் கேபிளோ என்று சந்தேகம் வருவது இயல்பு.

கேள்வி: எங்கள் மாமா பழைய காடி (கார்) பேட்டரியை உடைத்து, ஈயத்தை உருக்கி, ஜாலா வலைக்குக் குண்டு ஊற்றுகிறார். ஆசிட் லொங்காங்கில் (சாக்கடையில்)தான் போகிறது. யாராவது சொன்னால், "நாப்பது வருஷமா செய்றேன், எனக்கு என்ன ஆச்சு?" என்கிறார். வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான்.
*பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஜெம்போல்*

மாமாவுக்கு என்ன ஆனது என்பதை ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும், ஈயம் வலித்துக் கொல்லாது. ஆனால் நீங்கள் கடைசி வரியில் எழுதியிருப்பதுதான் விஷயம். பெரியவர் உடம்பு ஏற்றுக்கொள்வதைப் போல நாலைந்து மடங்கு ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே கிடையாது என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. மூளை வளரும் வயதில் போகிற ஈயம் படிப்பையும் கவனத்தையும் பாதிக்கும், பிறகு மருந்து கொடுத்து அதைத் திருப்பிவிட முடியாது. பிள்ளை பேட்டரியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. மாமாவின் சட்டையில் ஒட்டிய தூசு, அவர் தூக்கிக் கொஞ்சும் கை, அது போதும்.

ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், சமையல் அடுப்பே தாராளம். அதுதான் இதில் உள்ள வம்பு. இரும்பை யாரும் கொல்லைப்புறத்தில் உருக்குவதில்லையே! ஆசிட்டைப் பொறுத்தவரை, அது வெறும் கந்தக அமிலம் மட்டுமில்லை, ஈயத் துகளையும் சுமந்துகொண்டுதான் லொங்காங்கில் இறங்குகிறது. அந்த லொங்காங் எந்த ஆற்றில் சேர்கிறது, மாமா எந்த ஆற்றில் வலை வீசுகிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது சுலபம். காடி பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம் என்பதால் அதற்கு எப்போதும் ஆள் உண்டு. புது பேட்டரி வாங்கும் பெங்கலில் (வாகனப் பட்டறையில்) பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள், பெசி புருக் கடையில் கிலோ கணக்கில் எடுப்பார்கள். உடைக்காமல், ஆசிட்டை ஊற்றாமல், நிமிர்த்தி வைத்து முழுசாகக் கொண்டுபோக வேண்டும். உடைந்து ஒழுகியிருந்தால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பிறகு கையுறையோடு அள்ளுங்கள். சட்டப்படி இது அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தானது என்று பட்டியலிட்ட கழிவு, எஸ்.டபிள்யூ. 102 என்று தனி எண்ணே இருக்கிறது. வீட்டில் உருக்குவது மாமா நினைப்பது போல யாரும் கேட்க முடியாத சொந்த விஷயம் இல்லை.

வலைக்குண்டைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுங்கள், மாமாவின் கோபம் ஒரு வாரம் இருக்கும். பேரனை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப்போய் இந்த விவரத்தை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தில் ஈயம் சோதிக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: அம்மாவின் கைப்பேசி உப்பிவிட்டது, திரை ஒரு பக்கம் பிதுங்கி நிற்கிறது. வாட்ஸ்அப் எல்லாம் வேலை செய்கிறது. ஊசியால் ஓட்டை போட்டுக் காற்றை எடுத்தால் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன்.
*கல்லூரி மாணவி, பகாவ்*

அண்ணனிடம் ஊசி கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது காற்று இல்லை, பேட்டரியின் ரசாயனம் சிதைந்து வந்த வாயு, எரியக்கூடியது. இரண்டு தகடுகளுக்கு நடுவே காகிதம் போன்ற மெல்லிய தடுப்பு ஒன்றுதான் இருக்கிறது. ஊசி அதைக் கிழித்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, நொடியில் சூடேறி, தீயாக வரும். வரும் புகையும் நுரையீரலுக்கு ஆகாது.

சார்ஜ் போடுவதை இப்போதே நிறுத்துங்கள். படம், எண்கள் எல்லாவற்றையும் இருக்கிற சார்ஜிலேயே வேறு ஃபோனுக்கு மாற்றிவிட்டு, கூகுள் கணக்கில் இருந்து வெளியேறி, வங்கிச் செயலிகளை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து அணைத்துவிடுங்கள். சிம் கார்டும் மெமரி கார்டும் வெளியே. பிறகு மணல் போட்ட மண்சட்டியிலோ உலோகப் பாத்திரத்திலோ, வீட்டுக்கு வெளியே, வெயில் மழை படாத இடத்தில் வைத்து, சீக்கிரம் ஃபோன் கடைக்குக் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரி என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டும். சேகரிப்புப் பெட்டியில் சத்தமில்லாமல் போட்டுவிட்டு வந்துவிடக் கூடாது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் கட்டும் விளக்குக்கும் இதே சட்டம்தான். விடியற்காலை இருட்டில் மழையில் நனைந்த விளக்கை வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறீர்கள். காயட்டும், பிறகு போடுங்கள்.

கேள்வி: யூடியூப்பில் பழைய ஃபோன் போர்டில் இருந்து தங்கம் எடுக்கிறார்கள். நானும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆசிட் எங்கே கிடைக்கும்?
*"தங்கமகன்", சிரம்பான்*

சொல்ல மாட்டேன். ஒரு கைப்பேசியில் இருக்கும் தங்கம் ஏறத்தாழ 0.03 கிராம். ஒரு பவுன் சேர்க்க இருநூறுக்கு மேல் ஃபோன் வேண்டும், அதுவும் ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தால். அந்த வீடியோக்காரர் காட்டுவது நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த இராஜ திராவகம். அதில் இருந்து கிளம்பும் பழுப்புப் புகையை இழுத்துவிட்டு அன்று ஒன்றுமில்லை என்று படுத்தவருக்கு மறுநாள் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். மிச்சமாகும் திரவத்தை எங்கே கொட்டுவார் என்பதை எந்த வீடியோவும் காட்டுவதில்லை. போர்டுகளை முழுசாகக் கிலோ கணக்கில் விற்றுவிடுங்கள், வாங்க ஆள் இருக்கிறது.

கேள்வி: பழைய பெரிய டியூப் டிவி ஒன்று. பேப்பர் லாமா (பழைய பேப்பர், சாமான் வாங்கும்) லாரிக்காரர் வேண்டாம் என்கிறார். தெரிந்த ஒருவர் எடுத்துக்கொள்கிறேன் என்றார், பிறகு பார்த்தால் செம்புச் சுருளை மட்டும் பிடுங்கிக்கொண்டு மிச்சத்தைத் தோட்டத்து ஓரம் போட்டிருக்கிறார். யாரைக் கூப்பிடுவது?
*ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி (எழுத்தர்), பகாவ்*

ஐயா, லாரிக்காரரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கண்ணாடிக் குழாயின் பின்பகுதியில் கிலோக் கணக்கில் ஈயம் கலந்திருக்கிறது, இப்போது டியூப் டிவி செய்வார் இல்லாததால் அந்தக் கண்ணாடிக்கு மதிப்பும் இல்லை. செம்பு இருக்கும் இடத்தை எடுத்துக்கொண்டு மற்றதை எறிவது இந்தத் தொழிலில் எங்கும் நடக்கிற கயமை. குழாயின் கழுத்து உடைந்திருந்தால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வீட்டு மின்னியல் கழிவில் டிவி, கணினி, கைப்பேசி, குளிர்பதனப் பெட்டி, ஏர்கோன், துணி துவைக்கும் இயந்திரம் ஆகிய ஆறையும் சுற்றுச்சூழல் இலாகா தனியாகப் பார்க்கிறது. உரிமம் பெற்ற சேகரிப்பாளர்களின் பட்டியல் அவர்களிடம் இருக்கும், சிரம்பான் அலுவலகத்தில் கேட்கலாம். நெகிரி செம்பிலான் 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்தை ஏற்ற மாநிலம் என்பதால், தமான் (குடியிருப்புப் பேட்டை) வீடுகளுக்கு வாரம் இரண்டு நாள் குப்பை லாரியும், ஒரு நாள் மறுசுழற்சிப் பொருளுக்கும் பெரிய சாமானுக்குமான லாரியும் வர வேண்டும். அந்த ஒரு நாளில் டிவியை எடுப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டு வெளியே வையுங்கள். தோட்டத்துக்குள் இருக்கும் லயங்கள்தான் பாவம். பல இடங்களில் குப்பை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு, குழி வெட்டிப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் கிராணியாக இருந்தவர், மானேஜரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டாம்.

குளிர்பதனப் பெட்டிக்கும் ஒரு வரி. கம்ப்ரெசரை வெட்டி எடுக்க யாரையும் விடாதீர்கள். பழைய பெட்டியில் இருப்பது ஓசோனைக் கெடுக்கும் ஆர்12 வாயு, புதியவை பலவற்றில் இருப்பது தீப்பற்றும் ஆர்600ஏ.

கேள்வி: வெளிநாட்டுக் குப்பை கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. நான் மட்டும் நாலு பேட்டரியை டேப் ஒட்டிச் சேர்த்து என்ன ஆகப்போகிறது?
*கோபக்கார வாசகர், தம்பின்*

கோபம் நியாயமானது. 2022இல் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னியல் கழிவை உண்டாக்கியது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடுதான். 2018இல் சீனா கதவைச் சாத்தியதும் அந்தச் சரக்கு நம் பக்கம் திரும்பியது. அலுமினியம் என்றும் பழைய உலோகம் என்றும் பத்திரம் எழுதி வந்த கொள்கலன்களைக் கிள்ளான் துறைமுகத்தில் பிடித்திருக்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல், ஆபத்தான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தப்படி, வாங்கும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் எந்த மின்னியல் கழிவும் எல்லை தாண்டக் கூடாது. சட்டத்தில் குறை இல்லை, பொய்ப் பத்திரத்தில்தான் ஓட்டை.

ஆனால் அந்தச் சரக்கு எங்கே போய் உடைபடுகிறது என்று பாருங்கள். டவுனுக்கு நடுவில் இல்லை. செம்பனைக்குள்ளே செம்மண் பாதையில் போனால் உயரமான தகர வேலி, பெயர்ப்பலகை இல்லாத கொட்டகை, ராத்திரியில் மட்டும் லாரி, விடியற்காலையில் பிளாஸ்டிக் எரிந்த நாற்றம். தோட்டத்துப் பக்கம் வாழ்கிற நம் ஆட்கள்தான் இதை முதலில் முகர்கிறார்கள். அப்படி ஒன்று தெரிந்தால் உள்ளே போகாமல், தேதி, நேரம், லாரி எண் குறித்துச் சுற்றுச்சூழல் இலாகாவில் புகார் கொடுங்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் அபராதங்களை 2024இல் பல மடங்கு உயர்த்தியிருக்கிறார்கள். நாலு பேட்டரி வேறு கணக்கு. அது உங்கள் கிணற்றுக்கும் உங்கள் கோழிக்கும்.

கேள்வி: பேரப்பிள்ளையின் பாட்டுப் பாடும் பொம்மையில் பட்டன் பேட்டரி இருக்கிறது. விழுங்கிவிட்டால் மலத்தோடு வந்துவிடும்தானே?
*பாட்டி, பகாவ்*

காத்திருக்கவே கூடாதம்மா. 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகை தொண்டைக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டு மின்சாரம் ஓடி, இரண்டே மணி நேரத்தில் சதையை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், சாப்பாடு கொடுக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையாக இருந்து, தேன் கையோடு இருந்து, விழுங்கவும் முடிந்தால், போகிற வழியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு தேக்கரண்டி கொடுக்கலாம். தேன் தேடிக்கொண்டு நேரம் போக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேனே கூடாது. பொம்மையின் பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லை என்றால் அந்தப் பொம்மை வேண்டாம். எடுத்துப்போட்ட பழைய பட்டன் பேட்டரிக்கும் இந்த வேலை செய்யும் சக்தி இருக்கிறது.

கேள்வி: கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்னியல் கழிவு சேகரிக்கலாம் என்று எங்கள் இளைஞர் பிரிவு நினைக்கிறது. வரும் காசை டியூஷன் வகுப்புக்குப் போடுவோம். எதில் கவனம் வேண்டும்?
*இளைஞர் பிரிவுச் செயலாளர், பகாவ்*

நல்ல காரியம், ஆனால் தலைகீழாகத் தொடங்கிவிடாதீர்கள். பொருளைச் சேர்த்துவிட்டுப் பிறகு ஆள் தேடினால், மண்டபத்துப் பின்புறம் ஆறு மாதம் டியூப் டிவி கோபுரம் நிற்கும், கோயில் தலைவர் உங்களைத் திட்டுவார். முதலில் உரிமம் உள்ள சேகரிப்பாளரிடம் பேசி, என்னென்ன எடுப்பார், எதற்குக் காசு, எதைச் சும்மா எடுப்பார், எதைத் தொடவே மாட்டார் என்று எழுதி வாங்குங்கள். உரிமத்தின் நகலைக் கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். கலிமந்தாங் (டியூப் லைட்) விளக்கில் பாதரசம் இருக்கிறது, உடைந்தால் மண்டபத்தில் எல்லோரும் மூச்சில் இழுப்பீர்கள், அதை எடுக்க ஆள் உறுதியாகாவிட்டால் வாங்காதீர்கள். பேட்டரிக்குத் தனி மேசை, பக்கத்தில் மணல் வாளி, அங்கே விவரம் தெரிந்த ஒரு பெரியவர். ஃபோன் கொடுப்பவர் எதிரிலேயே ரீசெட் செய்ய இரண்டு பிள்ளைகளை உட்கார வையுங்கள், பாட்டிமார் ஃபோனில் பாஸ்வேர்டு மறந்திருக்கும், நேரம் பிடிக்கும். அங்கேயே எதையும் பிரிக்க வேண்டாம், திருகாணி ஆர்வம் உள்ள பையன்கள் உங்கள் பிரிவில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

லாரி வரும் தேதி உறுதியான பிறகு போஸ்டர் ஒட்டுங்கள்.